மாஸ்டர் காய்ச்சிய பெர்ரிச் சாறு

எங்கள் பேக்கரியில் மாஸ்டரைக் கண்டு நடுங்காதவர் கிடையாது. க்ரீம் கொஞ்சம் திரிந்திருந்தாலும் பாத்திரத்தோடு குப்பையில் கவிழ்த்துவிடுவார். அந்த மனிதரை ஆட்டிவைக்க உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு, அவருடைய தங்கை.

அவளுக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். மாஸ்டர் அந்த நிமிஷமே சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சிருக்கு. ரத்தத்துலயும் அதிகம். குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்."

காலமெல்லாம் க்ரீமை ருசி பார்த்தே வளர்ந்த தொப்பை, வேறென்ன சொல்வார்?

அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பெர்ரிப் பழத்தின் சாறு கொழுப்பைக் கரைத்து, ஈரலைக் கழுவிவிடுமாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கேட்கவில்லை. கடையில் மாத்திரையாகவே விற்கிறதே என்று நான் சொன்னதற்கும் சீறினார்.

"எவனோ அடைச்சு விக்கிறதை நான் ஏன் முழுங்கணும்? என் கையால காய்ச்சுறேன்."

கேக்குக்கு வைத்திருந்த பெர்ரிகளை அண்டாவில் கொட்டினார். அவர் கைக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பழத்துக்குச் சமமாகச் சர்க்கரை, கம்பிப் பதம் வரும்வரை கிளறல், இறக்கும்போது எலுமிச்சை. அடுப்பைச் சுற்றி நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். வாசனையைப் புகழ்ந்தோமே தவிர, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அதை வேளை தவறாமல் மருந்தாகக் குடித்தார்.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு இறங்கவில்லை, ஏறியிருந்தது. "தினமும் மருந்து குடிக்கிறேனே!" என்று கோபத்தோடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தங்கையின் வார்டுக்கே போய்விட்டார். நானும் உடன் போனேன். அவள் மூடியில் ஒட்டியிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அண்ணா, இது ஜாம்ணா."

வார்டே சிரித்தது. அங்கே நின்ற டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பெர்ரிச் சாறை வச்சு ஆராய்ச்சி நடக்குதுதான். சிலருக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். அதை நம்பிக் காத்திருக்க உங்க தங்கச்சிக்கு நேரமில்ல. இனிப்பை விடுங்க, எடையைக் குறைங்க, நடங்க."

பாவம், மாஸ்டர் முகம் செத்துப்போய்விட்டது. தன் வாயாலேயே தங்கையின் நாட்களைத் தின்றுவிட்டதாகப் புலம்பினார். அதன்பிறகு அவர் நாக்கில் ஒரு துளி க்ரீம் படவில்லை. கலக்கி எங்களுக்குக் கொடுப்பார், எங்கள் முகத்தைப் பார்த்தே பக்குவம் கண்டுபிடிப்பார். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவார். இடுப்புப் பெல்ட்டில் புதுத் துளைகள் விழுந்தன.

ஒருவழியாக டாக்டர் சம்மதம் சொன்னார். மாஸ்டர் வார்டுக்கு ஓடினார். தங்கையோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போன தடவை உன் ஈரல் ஆகாதுன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுண்ணா. உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் பொழைச்சு என்ன பண்ணப் போறேன்?"

கத்துவார் என்று நினைத்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயந்தாம்மா. ஆபரேஷன்னு நினைச்சாலே ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. நீ இல்லாத வீட்டை நினைச்சா அதைவிடப் பயமா இருக்கு."

அவள் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, டாக்டரைக் கூப்பிடுண்ணா."