மோட்டார் ரூமிலிருந்து மேஜைக்கு வந்த ஒயின்

போர்த்தோ நகரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் ஒயின் இருப்பது முட்டைக்கும் பாலுக்கும் நடுவில். கம்பிவலை போட்ட கவுண்டர் கிடையாது, கையை மட்டும் உள்ளே நீட்டும் ஓட்டை கிடையாது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆள் கிடையாது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தை, அம்மா எடுத்துக் கொடுத்த பாட்டிலை மடியில் வைத்துப் பொம்மையைப் போலத் தட்டிக்கொண்டே போகிறது. நான் இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு பாட்டிலை எடுத்துக் கூடையில் வைத்தால், கை தானாக ஒரு கீரைக்கட்டை எடுத்து அதன்மேல் பரப்பிவிடுகிறது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்து யாராவது ஒரு சித்தப்பா திடீரென்று இந்த முட்டை அலமாரிக்குப் பின்னால் இருந்து வந்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. ஒருநாள் பக்கத்து வீட்டு லூர்தஸ் அம்மாள் இதைக் கவனித்துவிட்டார். எழுபது வயது, மீன் விற்றுப் பழகிய குரல். “ஏன் மகளே கீரையால் மூடுகிறாய்? உடைந்துவிடும் என்று பயமா? அது தடித்த கண்ணாடி, ஒன்றும் ஆகாது” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நானும் “ஆமாம், உடைந்துவிடுமோ என்றுதான்” என்று சொல்லி வைத்தேன். வேறு எதைச் சொல்வது? அவருடைய மொழியில் எனக்கு அப்போது மார்க்கெட்டுக்குப் போய்வரும் அளவுக்குத்தான் பேச வரும்.

எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்ற பெயரில் எல்லாமே கிடைக்கும், ஒயினைத் தவிர. அதோடு, அங்கே வாங்கியது எதுவாக இருந்தாலும் வீட்டு வாசற்படி தாண்டி வராது. இது எழுதாத சட்டம். என் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் மிலிட்டரி கேண்டீனில் ரம் வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த ரம் வீட்டுப்பக்கம் வந்ததே இல்லை. நேராகச் சோழபுரம் பக்கம் இருக்கிற எங்கள் மாந்தோப்புக்குப் போய், மோட்டார் ரூமில் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் அப்பா டி.வி.எஸ். வண்டியை எடுப்பார். “செத்த நேரம் மோட்டாரப் பாத்துட்டு வாரேன்” என்பார். மழை கொட்டித் தோப்பில் தண்ணீர் நிற்கும் நாளிலும் மோட்டாரைப் பார்க்கப் போவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது உலகத்திலேயே அதிகம் பழுதாகிற மோட்டார் எங்களுடையதுதான் என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். வாரம் ஒரு நாள், ஒரு ஸ்டீல் டம்ளர் ரம், கொஞ்சம் சோடா, ஒரு பொட்டலம் சாத்தூர்க் காராச்சேவு, அவ்வளவுதான் அவர் கணக்கு. சத்தம் போட்டதில்லை, தடுமாறியதில்லை. ஒன்பது மணிக்கு வந்து சத்தமில்லாமல் படுத்துக்கொள்வார். அம்மா அதற்கு முன்பே டி.வி.க்கு எதிரே தட்டை வைத்துச் சாப்பிட்டு முடித்திருப்பார். யாரும் எதையும் கேட்டதில்லை.

லூர்தஸ் அம்மாள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு முதல்முறை போனபோது எனக்கு வியர்த்துவிட்டது. மேஜை நடுவில் ரொட்டிக் கூடை, அதன் பக்கத்தில் ஒயின் குடுவை. மருமகள், பேத்தி, தேவாலயத்தில் பூசை முடித்து வந்த பாதிரியார், எல்லோருக்கும் முன்னால் ஒரு கிளாஸ். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒருவர் முன்னால் ஒருவர் குடித்ததில்லை. முதல் வாய் துவர்த்தது, நாக்கை இழுத்துப் பிடித்தது, கொய்யாப்பிஞ்சைக் கடித்த மாதிரி. அடுத்த வாய் ஆட்டுக்கறியோடு சேர்ந்தபோதுதான் அந்தத் துவர்ப்பு எதற்கு என்று புரிந்தது. கறியின் கொழுப்பை நாக்கில் இருந்து துடைத்து எடுத்து அடுத்த வாய்க்கு இடம் விடுகிறது. அன்றைக்குப் பிடித்தது இந்த ஆர்வம். நான் இங்கே படுக்கை விரிப்பு நெய்கிற ஆலையில் துணியில் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். ராஜபாளையத்து மில்லில் நூல் பார்த்துப் பழகிய கண் அது. அதே புத்தியோடு ஒயினையும் பார்க்க ஆரம்பித்தேன். விலையைப் பார்த்து வாங்காதே, சமைத்திருப்பதைப் பார்த்து வாங்கு என்றார் லூர்தஸ் அம்மாள். நானே பட்டுத் தெரிந்துகொண்டது இன்னும் கொஞ்சம். மிளகாய் போட்ட குழம்புக்குத் துவர்ப்பு அதிகமான ரெட் ஒயின் ஆகாது, காரம் இரண்டு மடங்காக ஏறும். மிளகு போட்ட கறிக்கு அதுவே பொருந்தும். இனிப்புத் தின்பண்டத்தோடு குடிக்கிற ஒயின், அந்தத் தின்பண்டத்தைவிட ஒரு படி கூடுதலாக இனிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் புளித்த மாதிரி தெரியும். திராட்சையைக் கொடியிலேயே வாட விட்டுப் பறித்துச் செய்கிற டெசர்ட் ஒயினை நன்றாகக் குளிர வைத்து, சின்னக் கிளாஸில் மூன்று வாய், அதற்குமேல் வேண்டாம். போர்ட் என்பது நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைப் பிராந்தியைச் சேர்த்துப் பாதியில் நிறுத்திய ஒயின். அதில் ரூபி என்றால் பழம், டானி என்றால் பல வருஷம் மரப்பீப்பாயில் கிடந்து பழுப்பேறியது, திறந்தால்கூட ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். ரெட் ஒயினுக்கு அந்தப் பொறுமை கிடையாது, திறந்தால் இரண்டு மூன்று நாள்.

இந்த வருஷம் மே மாதம் ஊருக்குக் கிளம்பும்போது லூர்தஸ் அம்மாள் கேட்டார்: “உன் அப்பா வீட்டில் ஒயின் குடிப்பாரா?”

“வீட்டிலா? ஒரு நாளும் குடித்ததில்லை” என்றேன். சத்தியமான பதில்.

“கொய்த்தாதிஞ்ஞு!” என்று நெஞ்சில் கைவைத்தார். பாவம் என்று அர்த்தம். “ஈரல் கெட்டுவிட்டதா? இல்லை, டாக்டர் வேண்டாம் என்றாரா?” நான் மோட்டார் ரூமை விளக்க முயன்றேன். மனைவி வீட்டில் இருக்க, மனிதர் ஒரு பம்புசெட்டோடு போய் உட்கார்ந்து குடிக்கிறார் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. “அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் சிரித்தேன். ஆனால் விமானம் ஏறும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. பெட்டியில் மூன்று பாட்டில், அனுமதித்த அளவுக்குள்: ஒரு ரெட், ஒரு டானி போர்ட், அரை பாட்டில் டெசர்ட் ஒயின். மனதில் ஒரு முடிவு. இவற்றை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, அம்மாவுக்கு முன்னால், அப்பாவோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும். ஒன்பது வருஷமாக அம்மாவிடம் நான் இதை மறைத்திருக்கிறேன். இந்த முறையும் சொல்லாமல் திரும்பினால், அங்கே வாழ்கிற நான் யாரென்று என்னைப் பெற்றவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

பாட்டில்களைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. உடனே குரல் இறங்கியது. “தோப்புக்குக் கொண்டு போயிருவோமா தாயி?”

“இல்லப்பா. வீட்டுல. சோத்தோட.”

“ஏட்டி, விளையாடுதியா? ஒங்கம்மா என்னைய இருக்க விடுவாளா?” பட்டாளத்தில் பனிமலையில் காவல் நின்ற மனிதர், சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுவரை பொறுத்திருக்கலாம். அப்பாவால் முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே ரெட் ஒயினை வேட்டிக்குள் சுருட்டித் தோப்புக்குக் கொண்டுபோய்விட்டார். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம், மே மாத வெயில், உள்ளே இருந்த இரும்புச் சாவிகூடச் சுடும். தக்கையை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளி, ஸ்டீல் டம்ளரில் ரம் ஊற்றுகிற மாதிரி ஊற்றி, சோடா விட்டு, காராச்சேவையும் ஒரு கை வாயில் போட்டிருக்கிறார். மறுநாள் காலை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: “தாயி, ஒங்க ஊர்க்காரன் ஏமாத்திட்டான். சரக்கு கெட்டுப்போச்சு. பேதி மருந்துல மொளகாப்பொடி போட்ட மாதிரி இருக்கு. நல்லவேளை, ரெண்டு டம்ளரோட நிப்பாட்டிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. ரெட் ஒயினை அறையின் வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கேயோ எழுதி வைத்தவர்களின் அறை குளிர்தேசத்து அறை. ராஜபாளையத்து மே மாத அறையில் வைத்தால் அது கஷாயம். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர வைத்தால் மீளும் என்றேன். ஃபிரிட்ஜ் அம்மாவின் ராஜ்யம், அதில் சாமிக்கு வைக்கிற பால் இருக்கிறது, பாட்டில் நுழைய முடியாது. அப்பா யோசித்தார். சத்திரப்பட்டித் தறிக்காரர் ஒருவர் கொடுத்த பேண்டேஜ் துணிச் சுருள் வீட்டில் எப்போதும் கிடக்கும். அதைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி, மூன்று பாட்டிலுக்கும் கழுத்துவரை இறுக்கிச் சுற்றி, பின்பக்க அறையில் டேபிள் ஃபேனுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. எதிர்வீட்டு ராஜம்மா அத்தை கறிவேப்பிலை பறிக்க வந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “அய்யோ ராமா! யாருக்கு அடிபட்டது? இம்புட்டுக் கட்டுப் போட்டிருக்கு!” என்று கத்தினார். அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

மூவரும் அந்த மூன்று கட்டுகளுக்கு முன்னால் நின்றோம். அத்தை கறிவேப்பிலையோடு மெல்ல நழுவினார். அம்மா ஒரு பாட்டிலின் துணியை விரலால் விலக்கிப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நீயும் குடிப்பியா?”

“குடிப்பேம்மா. சோத்தோட ஒரு கிளாசு.”

“மருமகன் கூடவா?”

“ஆமாம்மா. பக்கத்து வீட்டு லூர்தஸ் அம்மா, அவிய மருமக, எல்லாரும்.”

“ஒரே மேசையிலயா? கடைசிவரைக்கும் யாரும் எந்திரிச்சுப் போறதில்லையா?”

“போறதில்லம்மா.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா அப்பா பக்கம் திரும்பினார். “பட்டாளத்துல இருக்கையில பதினேழு வருசம் ஒத்தையில சாப்பிட்டேன். வந்த பொறவாவது கூட உக்காருவியன்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா மோட்டாரு! எத்தன நாளு மோட்டாரு? நான் ஒங்கள குடிக்காதியன்னு என்னைக்காவது சொன்னேனா? கறிக்குழம்ப வச்சுக்கிட்டு டி.வி.காரி மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சாப்பிடுதேன்.”

அப்பா ஒரு பாட்டிலின் ஈரத் துணியை இழுத்துச் சரிசெய்தார். கடைசியில் சொன்னார்: “ஒனக்குப் பிடிக்காதுன்னுல்லா வெளிய போனேன்.”

“கேட்டியளா?”

லூர்தஸ் அம்மாள் கேட்ட கேள்விக்கு நான் சிரித்தது அப்போது உறைத்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்து, மூன்று பாட்டிலையும் கட்டோடு தூக்கிக்கொண்டு போனார். ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்தை மேல்தட்டுக்கு ஏற்றினார், தோசை மாவை ஒதுக்கினார், பாட்டில்களை உள்ளே வைத்துக் கதவை அறைந்து சாத்தினார். அப்பா வண்டியை எடுத்தார். தோப்புக்கோ என்று வாசல்வரை ஓடிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கையில் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய், அம்மாவுக்குப் பிடித்த மாதிரி இளஞ்சூட்டோடு இருக்கிறதாகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் கறிச்சுக்காவும் தோசையும். மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டும்படி நான் கேட்டிருந்தேன். குளிர்ந்த ரெட் ஒயின் முழுசாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி மீண்டிருந்தது. அப்பா சோடாவைத் தேடினார், நான் முறைத்தேன், விட்டுவிட்டார். கறியோடு ஒரு வாய் குடித்து, “அட, இது நேத்து குடிச்சது இல்ல தாயி!” என்றார். அடுத்து சப்பட்டை மாம்பழத் துண்டுகளோடு டெசர்ட் ஒயின். எங்கள் தோப்புப் பழத்தின் தேனையும் போர்த்துகல் வெயிலில் வாடிய திராட்சையையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியாகப் பால்கோவாவோடு டானி போர்ட். போர்ட்டில் பீப்பாய்க்குள் வருஷக்கணக்கில் ஊறிய ஒரு கருகலான இனிப்பு உண்டு, பால்கோவாவில் விறகடுப்பில் பால் சுண்டிய அதே கருகல். அம்மா கிளாஸை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். “கருப்பட்டிப் பாகு. அதுல உலந்த திராட்ச. செத்த நேரம் கூட அடுப்புல இருந்திருந்தா தீஞ்சிருக்கும்” என்றார். லேபிளில் எழுதியவனைவிடச் சரியாகச் சொன்னார்.

“ஒரு வாய் பாரும்மா.”

“எனக்கு வேண்டாம்.” கிளாஸை அப்பா பக்கம் தள்ளினார். அப்பா வழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார், கிளாஸை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போக. அம்மா பால்கோவாவை விரலால் வழித்துக்கொண்டே சொன்னார்: “உக்காருங்க. நான் குடிக்க மாட்டேன். ஆனா எந்திரிச்சும் போகமாட்டேன்.”

அப்பா உட்கார்ந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு இரவு ஏழரை, எனக்குப் பிற்பகல் மூன்று. போனை ஒயின் பாட்டில்மேல் சாய்த்து வைத்தால் அவர்களுடைய மேஜையின் ஒரு மூலை தெரிகிறது. டியூப்லைட் வெளிச்சம், அப்பாவின் ரம் டம்ளர், அம்மாவின் தட்டு. அப்பா இன்னும் சோடா விடுகிறார், அம்மா இன்னும் திட்டுகிறார், இருவரும் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் லூர்தஸ் அம்மாள் போனுக்குள் எட்டிப் பார்த்து இரண்டு பேருக்கும் கிளாஸை உயர்த்துகிறார். அம்மா தண்ணீர்ச் செம்பை உயர்த்துகிறார். நான் சாப்பிடுவது மதியச் சாப்பாடா ராத்திரிச் சாப்பாடா என்று எனக்கே தெரிவதில்லை. என் கிளாஸில் ஒரு பக்கம் ஜன்னல் வெயில் விழுகிறது, மறுபக்கம் போன் திரையில் இருந்து ராஜபாளையத்து ராத்திரியின் டியூப்லைட். நடுவில் ஒயின் சிவப்பாக நிற்கிறது.