மாரியக்கா அடுக்கிய வருஷம்

ஆடிப்பெருக்கன்றே சிவகாசியில் அடுத்த வருஷம் பிறந்துவிடும். காலண்டர் கம்பெனியில் வேலை பார்த்த மாரியக்கா, புதுத் தினசரி காலண்டரை என் முன்னால் சரசரவென்று புரட்டினார். வரப்போகும் நாளெல்லாம் மை வாசத்தோடு என் முகத்தில் காற்றாக வீசின. நான் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் நர்ஸ்.

“அம்புட்டு நாளையும் நான்தான் அடுக்குனேன் சிஸ்டர். கிழிக்கிறதுக்கு இருப்பேனா?”

“மாத்திரைய விடாதீக. இருப்பீக.”

அதற்குப்பின் அவர் மாத்திரை வாங்க வரவில்லை. போன் செய்து விசாரிப்பது என் வேலை. ‘சீசன், லீவு கிடைச்சிருக்காது’ என்று சும்மா இருந்துவிட்டேன். தீபாவளி கழிந்து, காசநோய் முற்றித் தூக்கி வந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. அவருடைய மாத்திரை என் அலமாரியிலேயே இருந்தது.

இப்போதெல்லாம் யாராவது ஒருநாள் தவறினாலும் கூப்பிட்டுவிடுகிறேன். என் வீட்டுச் சுவரில், அன்று அவர் தந்துவிட்டுப் போன அந்த வருஷம் இன்றும் காற்றில் அசைகிறது. முதல் தாளைக்கூட நான் கிழிக்கவில்லை.