ஆறு தொட்டி இறாலும் நானும்

கட்டடத்துக்குள் இறால் வளர்ப்பவனுக்கு இறாலோடு வேலை குறைவு. தண்ணீரோடுதான் நாள் முழுக்க மாரடிக்க வேண்டும். தொட்டியும் கையுமாக அலையும் சகபாவிகளுக்கு இது தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய சாமான் ஸ்டோரை வாடகைக்கு எடுத்து ஆறு தொட்டி போட்டேன். முதலில் விட்ட குஞ்செல்லாம் செத்தன. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டாம் தடவையும் செத்தால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்துவிடுவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

சிவப்புச் சீனி

தண்ணீரில் இறாலின் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். அவற்றுக்குச் சிவப்புச் சீனி கரைத்து ஊற்றுவேன். கடைக்கார ரிஸ்வான் நானாவிடம் பத்துக் கிலோ கேட்டேன். முகமெல்லாம் மலர அவர் சொன்னதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வீட்டு ஆக்கள் எல்லாம் வந்துட்டாங்க போல, சேர்!"

பச்சைக் குப்பி

அமோனியா பார்க்கும் குப்பியில் மஞ்சள் வந்தால் நிம்மதி. எனக்குப் பச்சையாகவே வந்தது. இரண்டாம் தடவை விட்ட இறாலும் வளரவில்லை. ஒவ்வொரு நாளும் குப்பியைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். வேறு யாரிடம் சொல்வது? நாலாம் நாள் அவளே போனில் வந்தாள்.

"குப்பியைப் பார்த்தது காணும். உங்கட முகத்தைக் காட்டுங்கோ."

ஒரு பிடி தீனி

புத்தளத்து இறால் பண்ணையில் வேலை பார்த்த நிர்மலாவைக் கூப்பிட்டேன். தொட்டியின் அடியிலிருந்த தீனித் தட்டை அவள் தூக்கினாள். தின்னாத தீனி நாறியது. நாளுக்கு எத்தனை தரம் போடுகிறீர்கள் என்று கேட்டாள். நாலு என்றேன். அவள் நம்பவில்லை.

உண்மையைச் சொன்னேன். தொட்டிப் பக்கத்தில் நின்று கதைக்கத் தொடங்கினால் இறாலெல்லாம் விளிம்புக்கு வரும். இந்த ஊரில் என்னைக் கண்டதும் வருபவை அவைதான். வெறுங்கையோடு எப்படித் திருப்பி அனுப்புவது? வந்த போதெல்லாம் ஒரு பிடி போட்டேன். மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிட்டது. நிர்மலா சிரிக்கவில்லை.

"கதையுங்கோ அங்கிள். ஆனா கையைப் பின்னால கட்டிக்கொண்டு கதையுங்கோ."

காற்று

கையைக் கட்டினேன். இரண்டு வாரத்தில் குப்பி மஞ்சளானது. அதன்பின் இறால் ஓடு கழற்றிக் கழற்றி, விரலை விட நீளமாக வளர்ந்தது. பேலியகொடை மீன் வியாபாரி ஒரே காலையில் ஆறு தொட்டியையும் வடித்து, எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கினார். நான் காற்றுப் பம்பின் பக்கத்திலேயே நின்றேன். அழுகை வந்தது. அவர் என்னைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த பம்பையும் பார்த்தார்.

"தொட்டி காலி, ஐயா. இன்னும் யாருக்குக் காத்து? நிப்பாட்டுங்க."

இறால் செத்திருந்தால் வாக்குப்படி இன்றைக்கு மனைவி பக்கத்தில் இருந்திருப்பேன். தண்ணீரைத் திருத்தி என் பயணத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.