சாவு கேட்கிற பெண்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், அறிவுமதி என்று ஒரு சாப்ட்வேர் இன்ஜினியரைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். "சாவு கேக்கிற பொண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை உட்கார வைத்து மோர் கொடுத்து, அவள் எப்படி இருக்கிறாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று உங்களிடமே விசாரிப்பார்கள். இத்தனைக்கும் அவர்களில் ஒரே ஒரு அம்மாவைத் தவிர யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை.

இந்தப் பட்டப்பெயரைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். நியாயமான எரிச்சல்தான். அவள் படித்தது இதற்காக இல்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் என் வீடு. நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியார், பெயர் இனியன். மாடி அறை சும்மா கிடந்தது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் நிரல் எழுதத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் கிடைக்கும் என்று ஒரு கும்பலே வந்தது. உலகம் முழுக்க எவனோ கட்டிய வலைத்தளத்தில் நம் ஜனங்கள் பேசிக்கொள்கிறார்களே, நம் மாவட்டத்துக்கு நாமே ஒன்று கட்டினால் என்ன என்று அந்த மாடியில்தான் பேச்சு கிளம்பியது. வயது அப்படி.

முதலில் கட்டியது, கிரிவலக் கூட்டத்தில் பிரிந்து போனவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதற்கு. பௌர்ணமியன்று இந்த ஊரில் செல்போன் டவர் திணறிப்போகும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும்தான், கட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்தது. அடுத்தது ரமணாசிரமம் பக்கம் தங்க அறை தேடுகிறவர்களுக்கு. அதில் சேர்ந்தவர்கள் அறையை விட்டுவிட்டு ஞானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யாருடைய ஞானம் பெரிது என்று சண்டை முற்றி, கெட்ட வார்த்தை வரைக்கும் போனதும் இழுத்து மூடிவிட்டோம்.

மூன்றாவதுதான் ஊர்த்தடம். ஊருக்கு ஒரு பக்கம். அறிவுமதி முழு மூச்சாக உழைத்துக் கட்டியது. வேலைவாய்ப்பு, மணிலாக்கடலை விதை, விற்பனைக்கு வரும் கறவை மாடு, நின்றுபோன பேருந்து, இதையெல்லாம் ஜனங்கள் போடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். கொஞ்சம் போட்டார்கள். ஆனால் வந்து குவிந்தது கண்ணீர் அஞ்சலி.

யோசித்தால் காரணம் புரிகிறது. பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் ஒசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஊரில் யார் போனார், எப்போது எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் லீவு சொல்லி பஸ் ஏற முடியும். எங்கள் தளத்தில் லைக் கிடையாது. சாவுச் செய்திக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டக் கூடாது என்று அறிவுமதி கூப்பிய கைகளை வைத்திருந்தாள். அந்தக் கைகள் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு சாவு எங்களிடம் வந்திருக்காதோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

அப்புறம் அர்ஜுனன் விவகாரம் வந்தது. வரப்புத் தகராறில் கடுப்பான அவருடைய மச்சான், அர்ஜுனன் காலமானார் என்று படத்தோடு போட்டுவிட்டான். சொந்தக்காரர்கள் மாலையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தெருமுனையிலேயே மாரடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மனிதர் உள்ளே களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆயுசு கெட்டி என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னாலும், அவர் மனைவிக்கு மயக்கம் தெளிய வெகுநேரம் ஆனது. மறுநாள் அவர் எங்கள் மாடிக்கே வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதில் ஒரு வரியைக்கூட இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு ஒரு விதி போட்டோம். சாவுச் செய்தி எதுவும் தானாக வெளியாகக் கூடாது. அந்த வீட்டுக்குப் போன் செய்து, வீட்டு மனிதர் ஒருவர் வாயால் கேட்ட பிறகே வெளியிட வேண்டும். யார் போன் செய்வது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அறிவுமதி, "நான் வீட்லருந்துதான வேலை பாக்கறேன், நானே பண்றேன்" என்றாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் உடனே ஒப்புக்கொண்டோம். அதில் மட்டும் எங்களுக்கு என்ன வேகம்.

இறந்தவர் யார், எப்போது, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள். கேட்க வேண்டியது அவ்வளவுதான். ஆனால் சாவு வீட்டில் போனை எடுத்தவர்கள் அதோடு விடவில்லை. எப்படி ஆனது என்று சொன்னார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் பெயரைச் சொன்னார் என்று சொன்னார்கள். பின்னால் மேளச் சத்தம் கேட்கும், ஒப்பாரி கேட்கும். அவளுக்கு நடுவில் போனை வைக்கத் தெரியாது. "சின்ன பிள்ளைங்களுக்கு எதனா வாங்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்பாள். "நீங்க ஒரு வாய் காப்பித் தண்ணியாவது குடிங்க" என்பாள்.

இதற்கிடையில் எங்கள் கும்பல் கரைந்துகொண்டே வந்தது. வேலை கிடைத்தவர்கள் போனார்கள், கல்யாணம் ஆனவர்கள் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும், எங்கே இருந்தாலும் ஊர்த்தடத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. நானும் அறிவுமதியும், சென்னையிலிருந்து சர்வரைக் கவனிக்கிற சரவணகுமாரும்தான் மிச்சம்.

அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. பஜ்ஜியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள், "அண்ணா, ஊர்த்தடத்துக்குன்னு நான் ஒரு வரி கோடு எழுதி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" என்றாள். நான் ஏதோ கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளாகவே சொன்னாள். அவள் மகள் அபிநயா ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. வீட்டில் போன் அடித்தால் அந்தக் குழந்தை விளையாட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "யாரும்மா செத்துட்டாங்க?" என்று கேட்கிறதாம். சாப்பாடு ஆயிடுச்சா என்று கேட்கிற மாதிரி.

"அவரு ஒரு நாள் லாட்ஜிலருந்து போன் பண்ணாரு. அதுக்கும் அப்டித்தான் கேட்டுச்சு," என்றாள். அவர் என்றது கணவன் ஆதவனை. செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் மேனேஜர். "இனிமே என்னால ஒரு சாவு கேக்க முடியாதுண்ணா. எதனா வழி பண்ணுங்க."

வழியைச் சரவணகுமார் செய்தான். சாவுச் செய்தி போடுகிறவர் சொந்தக்காரர்கள் இரண்டு பேருடைய எண்ணைத் தர வேண்டும். இரண்டு பேருக்கும் மெசேஜ் போகும். இருவரும் உறுதி செய்கிற பட்டனை அழுத்தினால் செய்தி தானாக வெளியாகும். அர்ஜுனன்கள் சாகாமல் இருக்க அது போதும். முன்னைவிடச் சீக்கிரமாகவே வெளியானது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா அவளை இத்தனை காலம் வாட்டினோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அறிவுமதிக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்ததும் ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொள்வாள். சிக்னல் கம்மியாக உள்ள ஊர்களிலும் பக்கம் திறக்கிற மாதிரி ஒன்றை எழுத ஆரம்பித்திருந்தாள். பழையபடி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, தப்பு வந்தால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டு எழுதினாள். பஜ்ஜி தீர்ந்துவிட்டது என்று சண்டைக்கும் வந்தாள். அபிநயா இப்போதெல்லாம் போன் அடித்தால் அப்பாவா என்று கேட்கிறதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் ஜோதியம்மாள் வந்தார். கலெக்டர் ஆபீசில் ஏதோ சான்றிதழ் வேலையாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவர், இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டதால் தங்கை வீட்டில் தங்கி, ஞாயிறு என்று தெரியாமல் மறுபடி வந்திருக்கிறார். ஆபீஸ் பூட்டியிருந்தது. வந்ததே வந்தோம் என்று அங்கங்கே விசாரித்து எங்கள் மாடிப்படி ஏறிவிட்டார். நெற்றியில் பொட்டில்லை. மூச்சு வாங்க நின்று, "சாவு கேக்கிற பொண்ணு யாரும்மா?" என்றார்.

அறிவுமதி எழுந்தாள். "நான்தாங்க."

"எங்க வூட்டுக்காரரு மணி. காரியம்கூட முடிஞ்சி போச்சு. நீ ஏன் கேக்கல?"

நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொன்னேன். "இப்பல்லாம் மெசேஜ்லயே உறுதி பண்ணிக்கறோம்மா. உங்க பையன் பட்டன் அழுத்தியிருப்பாரு. உடனே போட்டிருப்போம், லேட்டே ஆயிருக்காதே?"

"போட்டீங்க தம்பி, நான் இல்லைன்னு சொல்லல. பட்டன் அழுத்தினா துக்கம் கேட்டதா ஆயிடுமா?" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "பக்கத்து வூட்டு சரசு மாமியாரு செத்தப்ப நீ பேசின. எவ்ளோ நேரம் பேசினன்னு அவ இன்னும் சொல்லினு கீறா. எதிர் வூட்டுக்கும் பேசின. எங்க வூட்டுக்கு மட்டும் பேசல. நாங்க இன்னாம்மா தப்பு பண்ணோம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாய்மாமன் செத்ததற்கு வந்து கேட்கவில்லை என்று என் சொந்த அத்தையோடு என் அம்மா பேச்சை நிறுத்தியவர். கடைசி வரைக்கும் பேசவில்லை. எங்கள் மாடிக்கு வந்த அத்தனை பேர் வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. துக்கம் கேட்காமல் விட்டால் உறவே அறுந்துபோகும் என்று தெரிந்த நாங்கள், அவள் செய்ததற்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைத்து, அதை மெஷினிடம் கொடுத்துவிட்டோம். இந்த லட்சணத்தில் நாங்கள் ஜனங்களுக்குச் சமூக வலைத்தளம் கட்டுகிறவர்கள்.

அறிவுமதி நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள். "தப்பு எங்க மேலதாம்மா. எப்டிம்மா ஆச்சு?" என்றாள்.

"மோட்டார் போட்டுட்டு வந்தாரு. நெஞ்சு ஒரு மாதிரி கீது, வெந்நி வை அப்டின்னாரு. அடுப்ப பத்த வெச்சிட்டு திரும்பறேன், சாஞ்சிட்டாரு. வெந்நி அது பாட்டுக்கு கொதிச்சினே இருந்துச்சு. அத அணைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல." அதற்கு மேல் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அறிவுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் டீ வாங்கி வருகிற சாக்கில் கீழே இறங்கிப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது ஜோதியம்மாள் கிளம்பிக்கொண்டிருந்தார். டீயை வாங்கிக் குடித்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் போகிற மாதிரியே, போய் வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுச் சரவணகுமாரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவனுக்குக் கோபம். "அதுக்காக மறுபடியும் மதியே பேசணுமா? அவங்க படறது நமக்குத் தெரியாதா?" என்றான். அவன் சொன்னதும் சரிதான். கடைசியில், பட்டனை எடுத்துவிட்டு மூன்று பேரும் முறை வைத்துப் பேசுவது என்று முடிவானது. அறிவுமதிக்கு வாரத்தில் இரண்டே நாள், அதுவும் பகலில் மட்டும். ஞாயிறு என்னுடையது. அன்றைக்கு யார் செத்தாலும் அவள் கோடு எழுதலாம்.

அடுத்த ஞாயிறு காலையில் முதல் சாவு வந்தது. ஆராயி என்று ஒரு அம்மா. படத்தில் வெற்றிலை போட்ட சிரிப்பு. ஜன்னலோரத்தில் அறிவுமதி மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அறையின் மறு கோடிக்குப் போய் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினேன்.

எடுத்தவர் மகன். வளவன் என்றார். நான் ஊர்த்தடத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, "அம்மாவுக்கு எப்டிங்க ஆச்சு?" என்று அவளைப் போலவே மெதுவாகக் கேட்டேன்.

"அந்தம்மா இல்லிங்களா?" என்றார்.

"அவங்களுக்கு இன்னிக்கு லீவுங்க. எங்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

"பரவால்லிங்க. எங்க அப்பா செத்தப்ப அவங்கதான் கேட்டாங்க. தங்கச்சி பெங்களூர்லருந்து வந்துதான் எடுக்கணும், சாயந்தரம் ஆவும். அவங்க வேலையா இருந்தா முடிச்சிட்டே பேசட்டும். நாங்க காத்துனு இருக்கறோம்."

அவர் குரலில் கோபமோ அதிகாரமோ இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"ஒண்ணுமில்ல மதி. நான் பாத்துக்கறேன், நீ எழுது," என்றேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி பாதியில் நின்றது. தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணா."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அந்த மனிதர் மேல் கோபம் வந்தது, என் மேல் வந்ததுதான் ஜாஸ்தி. கொடுத்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுங்கண்ணா, அம்மாவுக்கு என்னாச்சு?" என்றாள். அந்தக் குரலில் சலிப்பு துளிகூட இல்லை. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.