ஈசிஜி அறையின் மூச்சக்கா

"போட்டோவா எடுக்கறோம், இப்படி வெறைச்சுக் கெடக்கீங்க? சும்மா மூச்சு விடுங்கண்ணே."

இதைச் சொல்லும்போது அக்காவின் கண் ஈசிஜி இயந்திரத்தில் இருக்காது. படுத்திருப்பவரின் வயிற்றில் இருக்கும். சில்லென்ற ரப்பர் குமிழ்களை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி மார்பில் ஒட்டுவார். வயிறு நிதானமாக ஏறி இறங்கும்வரை பொத்தானைத் தொடமாட்டார். வெளியே வரிசை முணுமுணுத்தால், "ஆடற ஊஞ்சல்ல கோலம் போட்டுட்டு நேரா வரலேன்னா எப்படி?" என்பார். ஆஸ்பத்திரி முழுக்க அவர் பெயர் மூச்சக்கா. "எங்க வீட்டுக்காரர் பொய் சொன்னா எனக்கு வயித்துலயே தெரிஞ்சிடும். அவர் வயித்துல" என்பார். பக்கத்து மேஜையில் அறிக்கை தட்டச்சு செய்யும் நான் சிரிப்பை மென்று விழுங்குவேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கிரேன் ஓட்டுநர் வந்தான். வயது இருபத்து நான்கு. வேலைக்குத் தகுதிச் சான்று வேண்டும். காகிதத்தில் துடிப்புகள் ஓரிடத்தில் நெருங்கின, ஓரிடத்தில் விலகின. 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று தலைப்பிலேயே அச்சடித்துத் தள்ளியது இயந்திரம். உயரத்தில் வேலை கூடாது என்று எழுத டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"கீழ எறக்கிட்டா செங்கல்தான்க்கா சொமக்கணும்" என்றான் அவன். "மேல ஏற மூணு வருஷம் கத்துக்கிட்டேன்."

அக்கா அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, துருத்தி மாதிரி இழுத்து இழுத்து விடற?"

"நல்லா ஆழமா இழுத்து விட்டா படபடப்பு அடங்கும்னு மாமா சொன்னாரு."

"உங்க மாமா வாயில சர்க்கரைய அள்ளிப் போட. டாக்டர், ஒரு நிமிஷம் பேனாவ மூடுங்க."

மறுபடி பொத்தானை அழுத்தினார். காகிதம் முழ நீளத்துக்கு ஓடியது. வயிறு ஏறும்போது மேல்கோடு, இறங்கும்போது கீழ்க்கோடு என்று ஓரத்தில் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தார். இழுத்த இடத்தில் எல்லாம் துடிப்புகள் நெருக்கம். விட்ட இடத்தில் எல்லாம் விலக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் தட்டச்சை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தேன்.

"இப்ப மூச்சப் பிடி."

கோடு அடங்கியது. ஒரே இடைவெளி, ஒரே இடைவெளி, ஒரே இடைவெளி. அக்கா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் பாய்ந்தார். பாதி வழியில் திரும்பினார். அவன் முகம் சிவந்து உப்பிக் கிடந்தது.

"விடுப்பா, விடு. மறந்தே போயிட்டேன்."

டாக்டர் அளவுகோலை வைத்து இரண்டு முறை அளந்தார். "துடிப்பு மூச்சோட சேர்ந்துதான் ஆடுது. இந்த வயசுல இது சகஜம். மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு." கையெழுத்திட்டார்.

அக்கா சான்றுப் படிவத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. குமிழ்களைக் கழற்றக்கூட இல்லை. அவனுடைய வெற்று வயிற்றின்மேல் அதை விரித்து வைத்துவிட்டு, அது ஏறுவதையும் இறங்குவதையும் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.