வடக்குத்துக் குழாயில் ஒரு சந்தனப் பொட்டு

என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஓர் எண் தேவைப்பட்டது. அதற்காகத்தான் 2016 அக்டோபரில், ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள், மூன்றாவது முறையாக நெய்வேலிக்குப் புறப்பட்டேன். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி. கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டு ஐந்து வருடமாகப் படிப்பவளுக்கு எவ்வளவு உற்சாகம் இருக்குமோ, அவ்வளவுதான் இருந்தது.

கோயம்பேட்டில் காலை 5.10 பேருந்து. ஏறத்தாழ 200 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். விக்கிரவாண்டிப் பக்கம் சாப்பிட நிறுத்தினார்கள். பொங்கல் நாற்பது ரூபாய். அதைப் பற்றி வேறு நல்ல சேதி இல்லை. 10.40க்கு நெய்வேலி நகரிய நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் இறங்கி, வடக்குத்துப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் சோதனைக் கூடத்துக்கு ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

"மேடம் காண்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டாங்க?" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டும் இல்லைங்க. படிக்கிறேன்."

"இந்த வயசுலயா?" என்றார்.

கூடத்தில் ஒரு கொட்டகை. அதற்குள் இருபது மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அலுமினியக் குழாய்தான் என் தலைவலி. குழாய்க்குள் இன்னொரு குழாய். மின்சாரம் போவது அதில். இரண்டுக்கும் நடுவே அழுத்தி அடைத்த வாயு. அந்த வாயு மின்சாரத்தை வெளியே விடாது, சூட்டை விடும். உள்ளே பிறக்கும் சூடு வாயு வழியாக வெளிக்குழாய்க்கு வந்து, அங்கிருந்து ஒரு பங்கு காற்றோடும், ஒரு பங்கு கதிர்வீச்சாகவும் வெளியேறும். எவ்வளவு வெளியேறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் மின்னோட்டத்தைக் கூட்ட முடியும்.

வெளிக்குழாய் 58 டிகிரியில் நிற்கும் என்றது என் முதல் கணக்கு. பிப்ரவரியிலும் ஜூலையிலும் வந்து அளந்தபோது 48தான் காட்டியது. "அளவு பொய் சொல்லாதும்மா, கணக்கைப் பாருங்க" என்றார் என் பேராசிரியர். நானும் காற்று கொண்டுபோகும் சூட்டுக்கான எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கணக்கை 48க்கு இழுத்து வந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த முறை அதே 48ஐ உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அதை நம்பிக் கூடத்துக்காரர்கள் திங்கட்கிழமை மின்னோட்டத்தைக் கூட்டப் போகிறார்கள்.

குழாயில் எதையும் ஒட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் தள்ளி நின்று குறிபார்க்கும் வெப்பமானி. எல்லோரும் கன் என்பார்கள். அழுத்தினேன். 48. அலுப்போடு அடுத்த இடத்துக்கு நகர்த்தும்போது, பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டின் மேல் குறி விழுந்தது. 67.

கன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி வெள்ளிப் பூச்சில் 48, பொட்டில் 67. எத்தனை பொட்டு இருந்ததோ அத்தனையிலும் 67க்குப் பக்கம்தான். குழாயைத் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி பீட்டரைக் கூப்பிட்டேன். வடக்குத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர்.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தாங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்கு சில்வர் அடிச்சிடுவோம். மொதல்ல சாம்பல் கலர்தான், பாக்க நல்லாவே இல்லீங்க."

வரைபடத்தில் சாம்பல் என்று இருந்ததை வைத்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். எதிரே வெள்ளியாகப் பளபளத்ததை மூன்று முறை பார்த்தும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் வெப்பப் பரிமாற்றம் பாடம் நடத்துகிறவள் நான்! வெள்ளிப் பூச்சு கதிர்வீச்சாகச் சூட்டை அதிகம் விடாது. அதனால் குழாய் கூடுதலாகச் சூடேறும். கன் கதிர்வீச்சைப் பார்த்துத்தான் வெப்பநிலை சொல்கிறது என்பதால் அது குறைத்துக் காட்டும். பளபளப்பில்லாத சந்தனம் கதிர்வீச்சைத் தாராளமாக விடும், அதனால் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது.

"தொட்டா சுடுதா பீட்டர்?"

"சுடுதுங்க. போன மாசம் தொடச்சிகினு இருக்கும்போதே கைய எடுத்துட்டேன். மெசின் நாப்பத்தெட்டுன்னு சொல்லுது, நம்ம கைதான் சரியில்லன்னு கம்முன்னு இருந்துட்டேங்க."

அந்தக் கொட்டகையிலேயே காகிதத்தில் கணக்குப் போட்டேன். 58 காட்டிய என் முதல் கணக்கில் பூச்சை மட்டும் வெள்ளிக்கு மாற்றினேன். வேறெதையும் தொடவில்லை. 66.5 வந்தது. ஆரம்பத்திலேயே கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் கெடுத்திருக்கிறேன்.

கூடத்தின் பொறுப்பாளரிடம் போய், திங்கட்கிழமை கூட்ட வேண்டாம், கூட்டினால் எண்பதைத் தாண்டும், தொட்டவர் கை வெந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு பேராசிரியருக்குத் தொலைபேசினேன். "அப்போ இந்த மாசம் கொடுக்க முடியாதே" என்றார். "முடியாது சார்" என்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. திரும்ப ஆர்ச் கேட்டில் நின்றால் சென்னைப் பேருந்து கிடைக்கும், எனக்கு 3.20க்குக் கிடைத்தது. தண்ணீர் எடுத்துப் போங்கள். பளபளப்பான எதையும் கன்னால் அளக்காதீர்கள்; அளந்தே ஆக வேண்டுமென்றால் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்ட அனுமதி கேட்டுச் சண்டை போடுங்கள்.

பதிவைப் புதுப்பிக்க மனுக் கொடுத்திருக்கிறேன், கிடைக்குமா தெரியாது. அலுத்துவிட்டது என்பதுதான் உண்மை. ஆனால் அன்று பேருந்து பண்ருட்டி தாண்டியும் என்னைத் தூங்கவிடாதது ஆய்வேடு இல்லை. மூன்று முறை போனேன், மூன்று முறையும் பீட்டர்தான் கொட்டகையைத் திறந்துவிட்டார். சுடுகிறதா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.