ஆமென் மட்டும் சொன்ன நாட்கள்

நன்றாக ஜெபிப்பவள் என்று சபையில் எனக்குப் பெயர் இருந்தது. திருவள்ளூரில் மிஷன் பள்ளி ஆசிரியரின் மகளாக வளர்ந்தவள். வசனங்கள் நாக்கு நுனியிலேயே இருந்தன. கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த பிறகு, பெண்கள் கூட்டத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஜெபிக்க என்னைத்தான் எழுப்புவார்கள். கண்ணை மூடினால் வார்த்தைகள் தாமாக வந்து நிற்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதே சபையில் கடைசி வரிசையில் ஒருத்தி உட்காருவாள். என்னைவிட நான்கைந்து வயது இளையவள். ஒரு கம்பெனியில் பழைய இரும்பைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலை. கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவாள். அவள் ஜெபித்தால் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவதுபோல இருக்கும். "இன்னா யேசப்பா, போன வாரமே கேட்டேனே" என்று ஆரம்பிப்பாள். நாங்கள் முக்காட்டுக்குள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் என் மகள் பிறந்தாள். ஐந்தாவது வாரம் எனக்கு அது தொடங்கியது. உட்கார முடியவில்லை. வேறு எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் இரண்டாவது கவளத்துக்குள் எழுந்துவிடுவேன். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவேன். குழந்தை தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்; கதவுவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் வைப்பேன். உள்ளே யாரோ பிடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டால் "பரலோகப் பிதாவே" என்பதைத் தாண்டி ஒரு சொல்லும் வராது. அதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

என் கணவர் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஃபிட்டர். அன்று அவருக்குக் காலை ஷிப்ட். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கு வந்தேன், தெருமுனைக்குப் போனேன், அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். சென்னைக்குப் போகும் ரயில் நின்றிருந்தது. ஏறினேன். எங்கே போகிறோம் என்ற எண்ணமே இல்லை. நகர்கிற ஒன்றில் இருந்தால் என் கால்கள் ஓயும் என்று மட்டும் தோன்றியது.

வண்டி நகர்ந்து சிறிது தூரம் போனதும் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அப்போதுதான் குழந்தை நினைவுக்கு வந்தாள்.

அடுத்த ஸ்டேஷனான கவரைப்பேட்டையில் குதிக்காத குறையாக இறங்கினேன். காலில் செருப்பில்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் இரண்டாம் ஷிப்டுக்குப் போக சபையின் கடைசி வரிசைக்காரி நின்றிருந்தாள், கையில் தூக்குச் சட்டியுடன். தண்டவாளத்தைத் தாண்டி அவளிடம் போனேன்.

"இன்னாக்கா, இங்க இன்னா பண்ற? கொழந்த எங்க?"

"தூளில தூங்கினு இருக்குது. நான் வண்டி ஏறிட்டேன்."

"ஊட்ல யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல."

அவள் முகம் ஒரு கணம் வெளிறியது. ஆனால் திட்டவில்லை. "வண்டி இப்ப வந்துடும். வா, குந்து."

"குந்த முடியலயே."

"அப்ப நில்லு. நானும் நிக்கிறேன்."

ரயில் வந்தது. ஏறியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இரும்பு கிழித்துக் கிழித்துக் காய்ப்பேறிய கைகள். "ஜெபம் பண்ணுக்கா" என்றாள்.

"வரலம்மா. ஒரு வார்த்தகூட வரல. எத்தினியோ நாளாச்சு."

"வரலன்னா உடு. நான் கேக்கறேன். நீ ஆமென் மட்டும் சொல்லு."

மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு எங்களையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் சத்தமாக ஆரம்பித்தாள். "யேசப்பா, இந்த அக்கா காலு நிக்க மாட்டேங்குது. நீயே புடிச்சு நிறுத்து. நாங்க போறவரிக்கும் கொழந்தைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. இப்போதிக்கு வேற ஒண்ணும் கேக்கல."

நான் ஆமென் என்றேன். பல நாட்களுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முழு ஜெபம் அந்த ஒற்றைச் சொல்தான்.

வீட்டில் பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, பச்சப்புள்ளைய உட்டுட்டு எங்க போன? கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு!"

நான் பேசுமுன் என்னோடு வந்தவள் சொன்னாள்: "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லம்மா."

எனக்கு வந்திருப்பது ஒரு நோய் என்று முதன்முதலில் சொன்னது அவள்தான். அதுவரை பாவம் என்று நான் நினைத்திருந்தேன்.

அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. என் கணவர் திரும்பும்வரை இருந்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, டாக்டரிடம் காட்டச் சொன்னாள். அவர் தயங்கினார். "சபையில எல்லாரும் ஜெபம் பண்றாங்களே..."

"நானுந்தான் பண்றேன் சார். ஜெபம் பண்ணா டாக்டராண்ட போவக்கூடாதுன்னு யாரு சொன்னது? பண்ணிக்கினே போங்க."

திருவள்ளூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி வருவதுண்டு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். என் அம்மா வந்து எங்களோடு தங்கினார். தூக்கம் மெல்லத் திரும்பியது. ஆனால் பகலில் அந்தத் தள்ளல் நிற்கவில்லை.

அவள் ஷிப்டுக்கு முன்போ பின்போ தினமும் வந்தாள். ஐந்து நிமிடம் ஜெபிப்பாள், அதற்கு மேல் இல்லை. ஒருநாள் பாதி ஜெபத்தில் பொறுக்கமுடியாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எனக்குக் கேட்கவேண்டும் என்று அவள் குரலை உயர்த்திக்கொண்டே போனாள். துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தபடி நான் ஆமென் சொன்னேன். உள்ளே அம்மா சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. குழந்தை பிறந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

எந்த நாளில் குணமானேன் என்று சொல்லத் தெரியாது. ஒருநாள் முழுச் சாப்பாட்டையும் உட்கார்ந்தபடியே சாப்பிட்டு முடித்திருந்தேன். கை கழுவும்போதுதான் அது உறைத்தது. மாத்திரைக்கும் அதில் பங்குண்டு, அம்மாவுக்கும் உண்டு. ஆனால் எனக்கு வார்த்தை இல்லாத நாட்களில் என் பேர் சொல்லி ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதுதான் என்னைத் தாங்கியது. கைவிடப்பட்டவளுக்காக யாரும் அவ்வளவு பிடிவாதமாகப் பேரம் பேசுவார்களா?

மகளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒரு மாலை, ஜெபித்து முடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு, "ஊட்டுக்காரரு குடிச்சிட்டு வேலைக்கே போவறதில்லக்கா" என்றாள். "எனக்குன்னு யாரும் ஜெபம் பண்ணதே இல்ல. நீ பண்றியா?"

அழகான வார்த்தை எதுவும் வரவில்லை. அவள் கையைப் பிடித்தேன். "ஆண்டவரே, இவ ரொம்ப களச்சிப் போய்க்கிறா. இவள உட்டுடாத" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவள் ஆமென் சொல்லிவிட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த வருஷம் அவர்கள் நெல்லூர்ப் பக்கம் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். அவள் கணவன் குடியை விட்டானா என்று எனக்குத் தெரியாது. அவளுக்காக ஆண்டவரிடம் கேட்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை.